வயலுக்கு உதவும் பறவைகளும் அவற்றின் உறைவிடங்களும்

மன்னார் மாவட்டக் கமக்காரர்கட்கு

மன்னார்ப் பெருநிலப்பரப்பின் நெல்வயல்களுட் பெரும்பகுதி கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பியது. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே இக்குளத்துக்குக் கொணர்கின்றனர். நெல்லை விளைவிக்கும் அந்நீரே பறவைகளையும் வாழ்விக்கின்றது. இக்குளம் 1954ஆம் ஆண்டிற் சரணாலயமாக்கப்பட்டது. கரையோரத்திலுள்ள வங்காலைச் சரணாலயம் 2008இற் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதன் பரப்பு 4,839 எக்டேர். மாரிகாலத்திற் பூநாரைகளும் ஊசிவால் வாத்துக்களும் அங்கு வந்து தங்குகின்றன.

ஆயினும், பறவைகள் சரணாலய எல்லைக்குள் மட்டும் வாழ்வன அல்ல. வரம்பு மரமும், வேலிப் பற்றையும், குளத்து அலைகரையும், பனந்தோப்பும் அவற்றின் உறைவிடங்களே. உயிர்வேலியை அகற்றிக் கம்பி அடிப்பதாலும், வரம்பு மரங்களைத் தறிப்பதாலும், வெளியான ஈரநிலங்களிற் சீமைக்கருவேல் பரவுவதாலும் இவை குறைந்து வருகின்றன.

இவ்விடத்து ஒரு பெரியாரை நினைத்தல் தகும். திலோ ஹொவ்மன் என்பார் 1922இற் சுவிற்சர்லாந்திற் பிறந்து, 1946இல் இலங்கைக்கு வந்த விவசாய வல்லுநர். சிங்கராசக் காடு ஒட்டுப்பலகைக்காக வெட்டப்படுவதை 1970களில் எதிர்த்து நின்றவர்களுள் முதல்வர். இலங்கைப் பறவைக் கழகத்தையும் நெடுங்காலம் நடத்தி, 2014இற் காலமானார். பயிரின் நலன் நாடிய ஒருவரே பறவையின் நலனையும் நாடினார். அவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தன என்பதைக் கீழ்வருவனவற்றால் அறியலாம்.

உதவும் பறவைகள்

கரிச்சான் (இரட்டைவாற் குருவி): இலங்கையில் இது பெரும்பாலும் வடக்கு, வடமேற்குக் கரையோரங்களிலேயே உண்டு. உயர்ந்த இடத்தில் அமர்ந்து, பறக்கும் அந்துக்களையும் வெட்டுக்கிளிகளையும் பிடித்துண்ணும்.

உண்ணிக்கொக்கு: உழவின்போதும், மாடுகள் மேயும்போதும் வெளிப்படும் பூச்சிகளைத் தின்னும்.

கூகை: இரவில் எலிகளை வேட்டையாடும். பழமரப் பொந்துகளிற் குடியிருக்கும்.

கவுதாரி: பற்றை நிலத்திற் கூடமைத்து, கறையானையும் விதைகளையும் உண்ணும்.

செய்ய வேண்டியவை

1. வரம்பு மரங்களையும் வேலிப் பற்றைகளையும் முற்றாக அழிக்கலாகாது. பயிருக்கு நிழல் மிகுமாயின் கிளைகளை மட்டும் கழித்தல் போதும்.

2. மரமில்லா வயலில், பயிரிலும் சற்றே உயரமான 'த' வடிவக் கம்புகளை ஏக்கருக்கு 15 முதல் 20 வரை நாட்டுக. மரக்கறித் தோட்டங்களுக்கும் இம்முறை ஏற்றது. நெற்கதிர் பாற்பருவம் அடையுமுன் கம்புகளை அகற்றிவிட வேண்டும். இன்றேல் மணியுண்ணும் பறவைகளும் அவற்றில் வந்தமரும்.

3. விதைத்து முதல் 30 நாட்களுள், இலை தின்னும் புழுக்களைக் கண்டவுடன் நாசினி தெளித்தல் பெரும்பாலும் வேண்டாததே. இளம்பயிர் புதிய இலைகளை விட்டு அச்சேதத்தை ஈடுசெய்யும். தெளித்தால் சிலந்திகள் மடிந்து, பின்னர் கபில நிறத் தத்தி பெருகும்.

4. நஞ்சுண்டு சாகும் எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். ஆதலின், எலிவளைகளைத் தோண்டி அழித்தலையும் பொறி வைத்தலையும் முதற்கண் கைக்கொள்க.

5. அலைகரையை உழுது பயிரிடுதல் ஆகாது. அங்குள்ள புல்லும் பற்றையும் குளத்துள் மண் வந்து சேர்வதைத் தடுக்கின்றன.

சேதம் விளைக்கும் பறவைகள்

கிளியும் தினைக்குருவியும் நெல்மணியைத் தின்பதும், நீலக்கோழி பயிரை மிதித்து முறிப்பதும் உண்மையே. ஆயினும், மணியுண்ணும் பறவைகளாற் பெருஞ்சேதம் நேர்வது பாற்பருவம் முதல் அறுவடை வரையுள்ள சில வாரங்களிலேயாம். அக்காலத்தில் காவலிருந்தும், பளபளக்கும் நாடா கட்டியும், ஓசை எழுப்பியும் அவற்றை ஓட்டலாம். நஞ்சூட்டிய தானியம் தூவுதல் கூடாது. அது நன்மை தரும் பறவையையும் சேர்த்தே கொல்லும். நாட்டின் பெரும்பாலான பறவைகளைக் கொல்லுதல் சட்டப்படி குற்றமுமாகும்.

ஒரு மரத்தைத் தறிக்க ஒரு நாழிகை போதும். கூகை குடியிருக்கத்தக்க பொந்து அம்மரத்தில் உண்டாகப் பல்லாண்டுகள் செல்லும். ஆதலின், அடுத்த காலபோகத்திற்கு நிலம் திருத்துமுன் வரம்பைச் சுற்றிவந்து, எவற்றை விட்டுவைக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐயம் எழின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.