ஏரிக்கரை கேபின்ல மூணு ராத்திரி: வாடகை மட்டும் செலவு இல்லைங்க!

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து, அமெரிக்காவோட வயோமிங் மாநிலத்துல இருக்கிற கிராண்ட் டீட்டன் நேஷனல் பார்க்ல கேபின் தேடினேன். முதல்ல வந்த விளம்பரத்தை கிளிக் பண்ணி, மூணு ராத்திரிக்கு 840 டாலர் கட்டிட்டேன். கிளம்ப பத்து நாள் இருக்கும்போது மதுரையில மாமனாரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. டிரிப் கேன்சல். பணத்தைத் திருப்பிக் கேட்டா, "நீங்க எடுத்தது ரீஃபண்ட் இல்லாத ரேட் சார்"னு பதில். அப்புறம்தான் கவனிச்சேன், நான் பணம் கட்டினது கேபின் நடத்துறவங்களுக்கே இல்லை. நடுவுல இருந்த ஒரு புக்கிங் சைட்டுக்கு.

மாமனார் நல்லாயிட்டார். 840 டாலர் போனது போனதுதான். அந்தப் பாடத்தைத்தான் இன்னைக்கு உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கிற லாட்ஜை பெரும்பாலும் அரசாங்கம் நேரடியா நடத்துறதில்லை. ஒப்பந்தம் எடுத்த கம்பெனிகள் நடத்துது. அவங்க வாங்குற வாடகைக்கு நேஷனல் பார்க் சர்வீஸோட ஒப்புதல் வேணும். ஜாக்சன் ஏரிக்கரையில இருக்கிற கோல்டர் பே கேபின்களை நடத்துறது கிராண்ட் டீட்டன் லாட்ஜ் கம்பெனி. அதே ஏரிக்கரையில இருக்கிற சிக்னல் மவுண்டன் லாட்ஜ் வேற நிர்வாகம். பார்க் சர்வீஸோட அதிகாரப்பூர்வ வெப்சைட்ல தங்குமிடம் பக்கத்துக்குப் போனா சரியான லிங்க் இருக்கும். அங்கிருந்து போங்க. கூகுள்ல மேல வர்ற விளம்பரத்துல இருந்து போகாதீங்க. கார்டு நம்பர் போடுறதுக்கு முன்னாடி கேன்சலேஷன் விதியை வரி வரியாப் படிங்க. எத்தனை நாளைக்கு முன்னாடி சொல்லணும், எவ்வளவு பிடிப்பாங்க, முன்பணம் எவ்வளவு. இந்த மூணும் வாடகையை விட முக்கியம்.

அடுத்து, "கேபின்"ங்கிற வார்த்தை. கோல்டர் பேல டென்ட் கேபின்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கம் மரச்சுவர், ரெண்டு பக்கம் கேன்வாஸ் துணி. உள்ள விறகு அடுப்பு உண்டு, பாத்ரூம் கிடையாது, போர்வை தலையணை நம்மதுதான். விலை குறைவா இருக்கேன்னு புக் பண்ணிட்டு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போனா, ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கிட்டு அவங்க கூட பாத்ரூம் தேடி நடக்க வேண்டியிருக்கும். ஜூலையிலயே ராத்திரி நல்லா குளிரும், ஏரி இருக்கிற உயரம் அப்படி: 6,700 அடிக்கு மேல. மரக் கேபின்கள்லயும் ரொம்ப மலிவானதுல பாத்ரூம் பகிர்ந்துக்கிற மாதிரி இருக்கும். "ஏரிக்கரை"ன்னதும் ஜன்னலைத் திறந்தா தண்ணின்னு நினைக்காதீங்க. கேபின்கள் மரங்களுக்கு நடுவுல இருக்கு, ஏரிக்குக் கொஞ்சம் நடக்கணும்.

இப்ப கணக்குக்கு வருவோம். டல்லஸ்ல இருக்கிற நாலு பேர் குடும்பம்னு வெச்சுக்குவோம். கேபின், ஃப்ளைட், வாடகை கார், சாப்பாடு எல்லாம் சேர்த்து உதாரணத்துக்கு 4,000 டாலர். இதை 24 சதவீத வட்டியில கார்டுல போட்டு, மாசம் 200 கட்டினா முடியறதுக்கு 26 மாசம் ஆகும். வட்டி மட்டும் 1,150 டாலருக்கு மேல! அதாவது அடுத்த வருஷ லீவும் முடிஞ்சிருக்கும், போன வருஷ ஏரிக்கு இன்னும் பணம் கட்டிட்டு இருப்பீங்க. அதே 4,000-ஐ பன்னிரண்டு மாசம் முன்னாடியே பிரிச்சா மாசம் 334 டாலர். தனி சேவிங்ஸ் அக்கவுண்ட், சம்பளம் வந்த மறுநாள் ஆட்டோமேட்டிக்கா போகட்டும். நான் அந்த அக்கவுண்டுக்கு "ஏரி"ன்னே பேர் வெச்சிருக்கேன். பேர் இருந்தா எடுத்துச் செலவு பண்ண கை வராது. சிரிக்காதீங்க, வேலை செய்யுது.

வரிசையும் முக்கியம். கேபின் முதல்ல, ஃப்ளைட் அப்புறம். ஜூலை, ஆகஸ்ட்ல கேபின்தான் சீக்கிரம் தீரும். ஃப்ளைட்டை முதல்ல வாங்கிட்டா, கேபின் கிடைக்காம ஜாக்சன் டவுன்ல ஹோட்டல் எடுக்க வேண்டிவரும். அது பணக்காரங்க ஊர், சீசன்ல விலை கேட்டா தலை சுத்தும்.

ஜாக்சன் ஹோல் ஏர்போர்ட் பார்க்குக்குள்ளேயே இருக்கு. வசதிதான், ஆனா சால்ட் லேக் சிட்டிக்கும் டிக்கெட் விலை பார்த்துடுங்க. டிக்கெட்டுக்கு 150 டாலர் மிச்சம்னா நாலு பேருக்கு 600. அங்கிருந்து அஞ்சாறு மணி நேர டிரைவ், பெட்ரோல், தேவைப்பட்டா வழியில ஒரு ராத்திரி ஹோட்டல் எல்லாம் கழிச்சுட்டு முடிவு பண்ணுங்க. சின்னக் குழந்தை இருந்தா நான் நேரா ஜாக்சனுக்கே போயிடுவேன்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 35 டாலர், ஏழு நாளுக்கு. வடக்கே ஒட்டினாப்ல இருக்கிற யெல்லோஸ்டோனுக்குத் தனியா 35. ரெண்டும் சேர்ந்தா 70. வருஷ பாஸ் 80 டாலர்தான், மத்த பார்க்குகளுக்கும் ஆகும். இந்தியாவுல இருந்து சுத்திப் பார்க்க வர்றவங்களுக்குக் கணக்கு வேற. 2026 ஜனவரியில இருந்து அமெரிக்காவுல வசிக்காதவங்க 16 வயசோ அதுக்கு மேலயோ இருந்தா, இந்த ரெண்டு பார்க்லயும் தலைக்கு 100 டாலர் கூடுதல். கணவன் மனைவி ரெண்டு பேர், ரெண்டு பார்க்னா 400. அவங்களுக்கான வருஷ பாஸ் 250, அதனால அதை முதல்ல பாருங்க.

கோல்டர் பே கேபின்ல கிச்சன் இல்லை. ஹோட்டல் சாப்பாடு நாலு பேருக்கு ஒரு வேளை சுலபமா 100 டாலர் தாண்டும். நாங்க அப்புறம் ஒரு வழியா போனப்ப சப்பாத்தி, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல் எடுத்துட்டுப் போனோம். பிரெட், தயிர், பழம் எல்லாம் ஜாக்சன்ல வாங்கிக்கிட்டோம். ஒண்ணு மட்டும், சாப்பாட்டை வெளியே வெச்சுட்டு நகராதீங்க, அது கரடி நாடு. கரடிக்கான ஸ்ப்ரேயை வீட்டுல இருந்து கொண்டு போகலாம்னு நினைக்காதீங்க, ஃப்ளைட்ல கைப்பையிலயும் விடமாட்டாங்க, செக்-இன்லயும் விடமாட்டாங்க. அங்க போய்த்தான் வாங்கணும், திரும்பும்போது விட்டுட்டுத்தான் வரணும். அதுக்கும் பட்ஜெட்ல ஒரு வரி போட்டு வைங்க.