தையில் போட்ட அவரை

திருச்சி மன்னார்புரத்துக்குக் குடிவந்த வருஷம், தை மாதத்தில் பந்தல் அவரை விதை ஊன்றினேன். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டுக் கொடியிலிருந்து எடுத்து, சாம்பலில் புரட்டி வைத்திருந்த விதை. பங்குனிக்குள் கொடி பந்தலை மூடிவிட்டது. ஒரு பூ இல்லை. தொழு உரம் வைத்தேன், பூப்பிடிக்கத் தேமோர்க் கரைசல் தெளித்தேன். இலைதான் இன்னும் பெரிதானது. அக்காவிடம் போனில் புலம்பினேன். "தையிலயா போட்டே? ஆடியில போட்டாத்தான்டி தையில காய்க்கும்" என்றாள்.

அவரைக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நாட்டுப் பந்தல் அவரை பகல் பொழுது குறையும்போதுதான் பூவெடுக்கும். தைக்குப் பிறகு பகல் நீள நீள, கொடிக்கு இலைவிடுகிற வேலை மட்டும்தான். உரத்தால் அதை மாற்ற முடியாது. எல்லாப் பருவத்திலும் காய்ப்பது கடையில் கிடைக்கும் செடி அவரை. மறுவருஷம் மிச்ச விதையை ஆடியில் போட்டேன். கார்த்திகைக் கடைசியில் ஊதாப் பூங்கொத்து நிமிர்ந்தது, பொங்கல் குழம்புக்குக் காய் பறித்தேன். பனிக்காலத்தில் பூத்தண்டைத் தினமும் திருப்பிப் பாருங்கள். கறுப்பு எள்ளை அப்பியதுபோல் அசுவினி ஒட்டியிருக்கும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். மீண்டும் வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள். வெயிலில் அடித்தால் இலை கருகும்.

அக்கா சொல்வதில் மாதக் கணக்கு அப்படியே பொருந்தும். மண் கணக்கு பொருந்தாது. அவள் இருப்பது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், வண்டல் மண். வாழைக்கட்டையைப் போட்டாலே தழைக்கும். எங்கள் மனையில் அரையடிக்குக் கீழே சரளை, கடப்பாரை இல்லாமல் குழி எடுக்க முடியாது. போர் தண்ணீரில் உப்பு. தொட்டிகளின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், கறிவேப்பிலையின் இலை ஓரம் காய்ந்து சுருளும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. ஈரம் ஆவியாகிப் போய், உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிட்டது. இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வழியும்வரை ஊற்றுகிறேன். ஐப்பசி மழையில் தொட்டிகளை வெட்டவெளிக்கு நகர்த்திவிடுவேன். ஒரு நல்ல மழை மண்ணைக் கழுவிவிடும்.

வாசலில் புல்தரை இருந்தது. சித்திரையில் குடிக்கிற தண்ணீருக்கே கணக்குப் பார்க்கும் ஊரில் புல்லுக்குத் தினமும் ஊற்ற மனம் வரவில்லை. அதை எடுத்துவிட்டுக் கூழாங்கல் பரப்பி, ஓரமாக நந்தியாவட்டையும் செம்பருத்தியும் வைத்தேன். நடுவில், நிழலுக்கு ஒரு மரமல்லி.

திருச்சி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது பழைய செடிகளைக் காப்பாற்றினாலே போதும். புதிதாக எதுவும் நடாதீர்கள். தக்காளி பூவை உதிர்த்துவிடும். வெண்டையும் கொத்தவரையும் தாங்கும். மேற்குச் சுவர்தான் வீட்டைச் சுடவைப்பது. அங்கே கம்பிப் பந்தல் கட்டிக் கோவைக்காய்த் தண்டு நட்டேன். வெயில் நேராகச் சுவரில் விழாமல் போனதும் படுக்கையறை இரவில் முன்போல் கனலவில்லை. ஆனால் கம்பை ஆழமாக ஊன்றுங்கள். ஆனி, ஆடிக் காற்று இங்கே மேற்கிலிருந்துதான் வீசும். ஒருமுறை பந்தலையே காம்பவுண்டுக்கு வெளியே தள்ளிவிட்டது.

வேனிலில் கைநிறையத் தருவது குண்டுமல்லி மட்டுமே. அதற்குக் கார்த்திகையிலேயே மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மொத்தமாகக் கவாத்து செய்து, இலைகளை உருவி, தொழு உரம் வைக்க வேண்டும். முதல் தடவை வெட்டியபோது எனக்குக் கை நடுங்கியது. பங்குனியில் துளிருக்குத் துளிர் மொட்டு.

ஆடிப் பதினெட்டுக்கு அக்காவோடு காவிரிக்கரை அம்மா மண்டபம் போவேன். வீடு திரும்பியதும் விதை டப்பாவைத் திறந்து, குழிக்கு மூன்றாக அவரையை ஊன்றிவிட்டுத்தான் சமையலுக்குப் போவது.