நட்சத்திரங்களை நம்பலாமா? – இணைய ஏலத்தில் பின்னூட்டமும் நியாயமும்



பின்னூட்டம் என்றவுடன் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் நமக்கு ஆம்ப்ளிஃபயர்தான் நினைவுக்கு வரும். வெளியீட்டில் ஒரு பகுதியை எடுத்து உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பினால் அது பின்னூட்டம். நெகட்டிவ் பின்னூட்டம் சரியான அளவில் இருந்தால் சுற்று நிலையாக நிற்கும். பாசிட்டிவ் மட்டும் ஏறிக்கொண்டே போனால் சாச்சுரேஷன்தான். அதற்குப் பிறகு உள்ளே என்ன மாறினாலும் வெளியே தெரியாது.

சந்தைக்கும் இதே மாதிரி ஒரு பின்னூட்டம் உண்டு. இணையத்தில் பொருள் வாங்குமுன் நாம் எல்லோரும் பார்க்கிறோமே, அந்த நட்சத்திரங்கள்தான் அது. நம்ம ஹாஸ்டலில் பழைய மல்டிமீட்டர், கால்குலேட்டர், சால்டரிங் அயர்ன் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது விலையை; இரண்டாவது நட்சத்திரத்தை. ஆனால் அந்த நட்சத்திரம் நியாயமாக விழுந்ததா என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? இதற்கு நல்ல பாடம் ஒன்று ஈபே என்ற ஏலத் தளத்தின் வரலாற்றில் இருக்கிறது. அதைத்தான் இங்கே படிக்கப் போகிறோம்.

உடைந்த லேசர் பாயிண்டரில் பிறந்த சந்தை

1995 செப்டம்பரில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பியர் ஒமிடியார் என்ற 28 வயது புரோகிராமர் 'ஆக்‌ஷன் வெப்' என்ற ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். 1997-இல் அதன் பெயர் ஈபே என்று மாறியது. அங்கே முதலில் விலைபோன பொருள் எது தெரியுமா? உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர்! விலை 14.83 டாலர். "உடைந்தது என்று தெரியுமா?" என்று ஒமிடியாரே வாங்கியவரிடம் கேட்டாராம். உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேர்ப்பதே என் பொழுதுபோக்கு என்று பதில் வந்ததாம்!

சிரிக்க வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்றார்கள். அப்படிச் சொல்லாமல் விற்றிருந்தால்?

எலுமிச்சைச் சிக்கல்

ஜார்ஜ் அக்கெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் மோசமான காரை 'லெமன்', அதாவது எலுமிச்சை என்பார்கள். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் பயந்து பயந்து குறைந்த விலைதான் கேட்பான். நல்ல கார் வைத்திருப்பவன் "இந்த விலைக்கா?" என்று சந்தையை விட்டே போய்விடுவான். மிஞ்சுவது ஓட்டை வண்டிகள்தான். இந்தச் சிந்தனைக்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இணைய ஏலத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். பழைய காரையாவது தட்டிப் பார்க்கலாம், ஓட்டிப் பார்க்கலாம். இங்கே படம்தான். முகம் தெரியாத ஒருவருக்கு முதலில் பணத்தை அனுப்பிவிட்டுப் பொருளுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஒமிடியாருக்கும் புகார்கள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகப் பஞ்சாயத்துப் பண்ண அவரால் முடியுமா? பெரும்பாலான மக்கள் நேர்மையானவர்கள் என்று அவர் நம்பினார். 1996 பிப்ரவரியில் ஒரு வழி செய்தார். வியாபாரம் முடிந்ததும் வாங்கியவர் விற்றவரைப் பற்றியும், விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எல்லோரும் பார்க்கும்படி எழுதலாம். நல்லது என்றால் +1, நடுநிலை என்றால் 0, கெட்டது என்றால் –1. இரு பக்கத்துக்கும் ஒரே உரிமை. இதைவிட நியாயம் வேறு என்ன வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அங்கேதான் முடிச்சு!

எல்லோரும் நல்லவர்களா?

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ஆம் ஆண்டின் ஈபே விவரங்களை எடுத்து அலசினார்கள். வாங்கியவர்களில் 52.1 சதவீதம் பேர் பின்னூட்டம் எழுதியிருந்தார்கள். அது நல்ல அளவுதான். ஆனால் எழுதியதில் 99.1 சதவீதம் பாசிட்டிவ்! நெகட்டிவ் வெறும் 0.6 சதவீதம்.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் திருப்தி என்றால் அது சந்தையா, சொர்க்கமா? நான் முதலில் சொன்ன சாச்சுரேஷன் இதுதான். மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதை வைத்து எதை அளப்பது?

காரணம், நம்ம ஊர் மொய்க் கணக்கு மாதிரிதான். அவர் 500 எழுதினால் நாமும் 500 எழுதுவோம். அவர் நல்லது சொன்னால் நாமும் நல்லது சொல்வோம். இது மரியாதை. ஆனால் மொய்யில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. அதுதான் பழிவாங்கல். நீ எனக்கு நெகட்டிவ் போட்டால் நான் உனக்கு நெகட்டிவ் போடுவேன்.

ஒரு சிறு கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் சதவீதம் என்பது பாசிட்டிவ் எண்ணிக்கையை, பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குவது.

விற்பவரிடம் 1000 பாசிட்டிவ் இருக்கிறது. ஒரு நெகட்டிவ் விழுகிறது. 1000-ஐ 1001-ஆல் வகுத்தால் 99.9 சதவீதம். கொசு கடித்த மாதிரி!

வாங்குபவர் புதியவர். 10 பாசிட்டிவ்தான் இருக்கிறது. அவருக்கும் ஒரு நெகட்டிவ் விழுகிறது. 10-ஐ 11-ஆல் வகுத்தால் 90.9 சதவீதம். நாளைக்கு அவரே ஒரு பொருளை விற்க நினைத்தால் யார் நம்புவார்கள்?

அடி இருவருக்கும் ஒன்றே, காயம் ஒன்றல்ல. அதனால் பெரிய விற்பனையாளர் சும்மா காத்திருப்பார், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று. கையில் பதிலடி இருக்கும்வரை வாங்கியவர் வாய் திறக்க மாட்டார். பொருள் மோசமாக வந்தாலும், "நமக்கு எதுக்கு வம்பு?" என்று பேசாமல் போய்விடுவார். இருவரும் சம்மதித்தால் பின்னூட்டத்தை நீக்கிக்கொள்ளும் ஒரு வசதியும் அப்போது இருந்தது. நல்ல எண்ணத்தில் வந்த வசதிதான். ஆனால் பதிலுக்கு நெகட்டிவ் போட்டுவிட்டு, "நீ எடு, நானும் எடுக்கிறேன்" என்று பேரம் பேசவும் அதுவே வழியாகிவிட்டது.

நண்பர்களே, இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விதி இரண்டு பேருக்கும் சமம். ஆனால் கடைசியாகப் பேசுகிறவன் கையில்தான் கத்தி.

ஒரு நட்சத்திரத்தின் விலை

விற்பவர்கள் இவ்வளவு பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. ரெஸ்னிக் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பழைய தபால் அட்டைகள் விற்கும், நல்ல பெயர் எடுத்த ஒருவரை வைத்தே ஒரே மாதிரியான அட்டைகளை அவருடைய பழைய கணக்கிலும் புதிதாகத் திறந்த கணக்குகளிலும் ஏலம் விட்டார்கள். பெயருள்ள கணக்குக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வாங்குபவர்கள் தயாராக இருந்தார்கள். ஆள் ஒன்று, சரக்கு ஒன்று. பெயருக்கு மட்டும் அந்தக் கூடுதல் விலை!

2010-இல் வெளியான கப்ரால், ஹோர்ட்டாசு ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. முதல் நெகட்டிவ் விழும்வரை வாரத்துக்கு 5 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்த விற்பனை, விழுந்த பிறகு வாரத்துக்கு 8 சதவீதம் என்று சரிந்தது.

இந்த விலையை நானே ஒரு தடவை நேரில் கண்டேன். இரண்டாம் ஆண்டில் இணையத்தில் ஒரு பழைய மல்டிமீட்டர் வாங்கினேன். ஏ.சி. ரேஞ்ச் வேலையே செய்யவில்லை. நடந்ததை நாலு வரியில் எழுதி ஒரு நட்சத்திரம் போட்டேன். மறுநாளே விற்றவரிடமிருந்து ஃபோன். "தம்பி, அதை மட்டும் எடுத்துடுங்க. 200 ரூபாய் அனுப்பிடறேன்." "மீட்டரை மாத்திக் குடுங்கண்ணே, மாத்திக் குடுத்தீங்கன்னு அதையும் சேர்த்து எழுதறேன்" என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார். நான் எழுதியது அப்படியே இருக்கிறது. அந்த 200 ரூபாய் எனக்கு வந்த விலை அல்ல. எனக்குப் பின்னால் அதே கடையில் வாங்கப்போகும் ஒரு மாணவனின் கண்ணைக் கட்டுவதற்கான விலை.

2008: விதி மாறியது

ஈபே நிறுவனம் இதைச் சரிசெய்ய இரண்டு படி எடுத்தது. முதல் படி, 2007-இல் வந்த விரிவான மதிப்பீடு. பொருள் சொன்னபடி இருந்ததா, தகவல் தொடர்பு எப்படி, எவ்வளவு சீக்கிரம் அனுப்பினார், அனுப்பும் கட்டணம் நியாயமா என்ற நான்கு தலைப்பில் வாங்கியவர் 1 முதல் 5 வரை நட்சத்திரம் போடலாம். விற்பவருக்குச் சராசரி மட்டும் தெரியும். யார் போட்டது என்று தெரியாது.

இரண்டாவது படிதான் வெடித்தது. 2008 மே மாதத்திலிருந்து விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு நெகட்டிவோ நடுநிலையோ போட முடியாது. போட்டால் பாசிட்டிவ் மட்டும்தான். அறிவிப்பு அந்த ஆண்டு தொடக்கத்திலேயே வந்துவிட்டதால், பிப்ரவரியில் ஒரு பகுதி விற்பனையாளர்கள் சரக்கைப் பட்டியலிடாமல் ஒரு வாரம் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினார்கள். கட்டண மாற்றத்தின் மீதிருந்த கோபமும் அதோடு சேர்ந்துகொண்டது.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்கள் உண்டு. "விலையைக் குறை, இல்லாவிட்டால் நெகட்டிவ்" என்று மிரட்டுபவர்களும் உண்டு. எங்கள் வாயை மட்டும் கட்டுவதா என்று கேட்டார்கள். பணம் கட்டாதவர் மேல் தனியே புகார் பதியலாம், தொல்லை தருபவரை இனி ஏலம் கேட்க முடியாமல் தடுக்கலாம், விழுந்த பின்னூட்டத்தின் கீழே பதில் எழுதலாம் என்பவை விற்பவர்களுக்கு இருந்த வழிகள்.

விளைவு என்ன? க்ளைன், லாம்பெர்ட்ஸ், ஸ்டால் என்ற மூவர் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, விதி மாறிய பிறகு வாங்குபவர்களின் திருப்தி கூடியது. அதே சமயம் விற்பவர்கள் கூட்டமாகக் கடையை மூடிக்கொண்டு போகவும் இல்லை. அப்படியானால் என்ன பொருள்? அதே ஆட்கள்தான், கூடுதல் கவனத்தோடு வியாபாரம் செய்தார்கள். வாங்கியவருக்குப் பயம் போனது. விற்றவருக்குப் பொறுப்பு வந்தது.

வேறு வழி இல்லையா?

உண்டு. இருவரும் எழுதட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து காட்டுவோம். மூடிய உறையில் டெண்டர் போடுவது மாதிரி. வீடு வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி 2014-இல் இந்த முறைக்கு மாறியது. இருவரும் எழுதி முடித்த பிறகோ, 14 நாள் கெடு முடிந்த பிறகோதான் கருத்துகள் வெளியே தெரியும். பதிலடிக்கு வழியே இல்லை.

எது சிறந்தது? என் கருத்தைச் சொல்கிறேன். ஏலத்தில் முதலில் பணம் கட்டிக் காத்திருப்பவர் வாங்குபவர். ஆபத்து அவர் தோளில். எனவே பேசும் உரிமை அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது அநியாயம் அல்ல. வீடு வாடகையில் வந்தவர் வீட்டை நாசம் செய்யலாம். ஆபத்து இரு பக்கமும் உண்டு. அங்கே மூடிய உறைதான் சரி. சமமான விதி எல்லா இடத்திலும் நியாயமான விதி ஆகிவிடாது. ஆபத்து யார் தோளில் இருக்கிறது என்று பார்த்துத்தான் விதி எழுத வேண்டும்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் 2004-இல் பாஸீ.காம் தளத்தை வாங்கி நுழைந்த ஈபே இந்தியா, 2017-இல் ஃபிளிப்கார்ட் கைக்குப் போய் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. ஆனால் நட்சத்திரங்கள் மூடப்படவில்லை. காசு கொடுத்து எழுதவைத்த விமர்சனங்களை வெளியிடக்கூடாது என்று சொல்லும் ஐ.எஸ். 19000 என்ற தர அளவுகோலை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வெளியிட்டது. அளவுகோல் வந்தாலும் அளக்க வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே சில குறிப்புகள்:

1. சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை பேர் சொன்னது என்று பாருங்கள். 3 பேர் கொடுத்த 100 சதவீதத்தைவிட 2000 பேர் கொடுத்த 98 மேல்.

2. எதை விற்று வாங்கிய பெயர் என்று பாருங்கள். ஒரு சென்ட் விலையில் எதையாவது விற்று, பின்னூட்டத்தை மட்டும் குவித்துக்கொண்டவர்களை ஈபேயில் பிரவுன், மோர்கன் என்ற ஆய்வாளர்கள் 2006-இலேயே எடுத்துக்காட்டினார்கள்.

3. நெகட்டிவ் கருத்துகளையும், அதற்கு விற்பவர் சொன்ன பதிலையும் சேர்த்துப் படியுங்கள். பதிலில் ஆள் தெரிந்துவிடும்.

4. எழுதும்போது கோபத்தை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். லாரி தாமதத்துக்குக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். நன்றாக இருந்தால் அதையும் மறக்காமல் எழுதுங்கள்.

5. கணினிப் பிரிவு நண்பர்களே, புராஜெக்டுக்கு நட்சத்திர வசதி வைக்கும்போது, யார் முதலில் பேசுவார், யார் கடைசியில் பேசுவார் என்பதை முடிவு செய்துவிட்டு அப்புறம் புரோகிராம் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. டிப்ளமோ முடித்து நம்மில் பலர் சர்வீஸ் வேலைக்குத்தான் போகப் போகிறோம். ஏ.சி. பழுது பார்த்துவிட்டு வெளியே வரும்போது, வீட்டுக்காரர் செல்ஃபோனில் நமக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டிருப்பார். அந்த மாதச் சம்பளமே அதில் தொங்கலாம். நமக்குப் பதில் சொல்ல இடம் இருக்கிறதா, தவறாக விழுந்த நட்சத்திரத்தை எதிர்த்துக் கேட்க ஆள் இருக்கிறாரா என்று வேலையில் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வோம். நமக்கு வேண்டும் என்று நினைக்கும் அந்த நியாயத்தை, இன்று நாம் அடுத்தவருக்குப் போடும் நட்சத்திரத்திலும் காட்டுவோம்.