புனல் மின் அணைகள்: ஆய்வும் அறிக்கையும்

புனல் மின் நிலையத்திற்கு எரிபொருள் தேவையில்லை. மின் தேவை உயரும் வேளையில் சில நிமிடங்களிலேயே அது உற்பத்தியைத் தொடங்க வல்லது. இந்நன்மைகளுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பது அணை. சுழலி பழுதுற்றால் இழப்பு பெரும்பாலும் நிலையத்தாரைச் சேரும். அணை பழுதுற்றால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களைச் சேரும். ஆதாயம் ஒருவருக்கும் ஆபத்து வேறொருவருக்கும் என்ற நிலையில், அணையைப் பேணும் பொறுப்பை உரிமையாளரின் விருப்பத்திற்கே விட்டுவிட இயலாது.

சட்டத்தின் பின்னணி

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு இரண்டாம் அணை உடைந்ததால் மோர்பி நகரம் பேரழிவுக்குள்ளாயிற்று. அணைப் பாதுகாப்பு நடைமுறைகளை ஆராய மத்திய அரசு 1982-ல் நிலைக்குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1986-ல் வெளிவந்தது. 1987-ல் தேசிய அணைப் பாதுகாப்புக் குழு நிறுவப்பட்டது. ஆயினும் அக்குழுவின் பரிந்துரைகளுக்குச் சட்ட வலிமை இருக்கவில்லை. 2021 டிசம்பர் 30-ல் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டமே அக்குறையை நீக்கியது. 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சில வகைகளும் இதன் வரம்பில் அடங்கும்.

உரிமையாளரின் கடமைகள்

ஒவ்வோர் உரிமையாளரும் தகுதி பெற்ற பொறியாளர்களைக் கொண்ட பாதுகாப்புப் பிரிவை அமைக்க வேண்டும். பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுதோறும் ஆய்வு நடத்த வேண்டும். வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றின் போதும் அதன் பின்னரும், வழக்கத்திற்கு மாறான அறிகுறி எதுவும் தென்படும் போதும் தனியே ஆய்வு தேவை. கருவிகளின் அளவீடுகளைப் பதிந்து, அவற்றின் பகுப்பாய்வை மாநில அணைப் பாதுகாப்பு அமைப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வு என்பது அணையின் மீது நடந்து திரும்புவதன்று. அணையில் ஓரளவு நீர் கசிவது இயல்பே. நீர்த்தேக்கத்தின் மட்டம் மாறாதிருக்கும் போது கசிவு மட்டும் கூடுகிறதா, தெளிந்து வந்த நீர் கலங்கி வருகிறதா என்பவையே கவனிக்கத்தக்கவை. மண் அணையில் கலங்கல் நீர், உள்ளிருந்து மண் அரிக்கப்படுவதன் அடையாளமாகலாம். ஒரு நாளின் அளவு இதைக் காட்டாது. பல ஆண்டுப் பதிவேடுகளை ஒப்பிட்டால்தான் விளங்கும். மதகுகளை இயக்கிப் பார்ப்பதும், மின்சாரம் தடைப்பட்டால் அவற்றைத் திறக்க மாற்று ஏற்பாடு உண்டா எனச் சோதிப்பதும் அவ்வாறே இன்றியமையாதவை.

உடையாத அணையும் ஆபத்தே

2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி திட்ட அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரில் சிக்கி, பியாஸ் ஆற்றுப்படுகையில் நின்றிருந்த 24 பொறியியல் மாணவர்களும் உடன் வந்த வழிகாட்டி ஒருவரும் மடிந்தனர். அணைக்கு எச்சேதமும் இல்லை. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கிறதா, அவ்வொலி ஆற்றங்கரையை எட்டுகிறதா என்பதும் ஆய்வில் அடங்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. 2023 அக்டோபர் 4-ல் சிக்கிமில் தெற்கு லோனக் பனியாற்று ஏரி உடைந்து வந்த வெள்ளம், 1,200 மெகாவாட் டீஸ்டா மூன்றாம் திட்டத்தின் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. அணையைக் கண்காணித்தால் மட்டும் போதாது, அதற்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பையும் கண்காணிக்க வேண்டும் என்பது இதன் பாடம்.

வெளியார் கண்

நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தால் உற்பத்தியும் வருவாயும் பெருகும். ஐயத்தின் பேரில் மட்டத்தைக் குறைக்கச் சொல்லும் பொறியாளர் இழப்பை உண்டாக்குபவராகவே நிறுவனத்திற்குத் தோன்றக்கூடும். ஆதலின் அவரது அறிக்கை நிறுவனத்தின் கோப்பிலேயே தங்கிவிடலாகாது. சுயேச்சையான வல்லுநர் குழுவின் முழுமையான மதிப்பீட்டைச் சட்டம் வலியுறுத்துவதும் இக்காரணம் பற்றியே. சட்டத்தின்படியான உத்தரவுகளுக்கு இணங்க மறுப்போருக்கு ஓராண்டு வரையிலும், அதனால் உயிரிழப்போ உடனடி ஆபத்தோ விளைந்தால் ஈராண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம்.

எனினும் தண்டனை விபத்துக்குப் பிந்தியது. ஆய்வில் கண்ட ஒவ்வொரு குறைக்கும் அதைச் சரிசெய்ய வேண்டிய நாளும், பொறுப்பான அலுவலரும், செலவுக்கான நிதியும் அறிக்கையிலேயே குறிக்கப்பட வேண்டும். அடுத்த ஆய்வு அந்தப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆற்றின் கீழ்ப்பகுதி மக்களுக்கு அந்த அறிக்கை பயன்படும்.