அலாஸ்கா கப்பல், பசிபிக் கடலோரக் கார் பயணம்: ஏற்காட்டுக் காபிப் பணத்தில் போட்ட ஒரு கணக்கு



போன மாசம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு க்ளையன்ட் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு ஏக்கர் அரபிகா காபி, நிழலுக்கு சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு. தோட்டம் அவர் பெயரில். பக்கத்திலேயே மூன்று அறை ஹோம்ஸ்டே, அது அவர் மனைவி பெயரில். மகளுக்கு சியாட்டிலில் வேலை. காபியைக் கையில் கொடுத்துவிட்டு ஒரு கொட்டேஷனை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இந்த வருஷம் காபி விலை நல்லா இருக்கு. அடுத்த செப்டம்பர்ல பொண்ணைப் பார்க்கப் போறோம். போறதே போறோம், ஏழு நாள் அலாஸ்கா கப்பல், அப்புறம் பொண்ணோட கார்ல கடலோரமாவே சான் பிரான்சிஸ்கோ வரைக்கும். மொத்தம் 16 லட்சம்ங்கிறாரு ஏஜென்ட். ரேட் சரியா?"

ரேட் கிட்டத்தட்ட சரிதான். ஆனா கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. இந்த 16 லட்சத்தை யார் பெயரில், எந்த மாசம், எத்தனை பில்லாகக் கட்டுவது என்பதுதான் கேள்வி. அதைப் பொறுத்து அவர் கையிலிருந்து கூடுதலாக 1,70,000 ரூபாய் போகலாம், இல்லை வெறும் 21,000 போகலாம். அந்தக் கணக்கைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். கீழே வரும் விகிதங்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. பட்ஜெட்டில் மாறக்கூடிய விஷயம் என்பதால் பணம் கட்டும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க.

முதலில் பயணம்

அலாஸ்கா கப்பல் சீசன் ஏப்ரல் கடைசியில் ஆரம்பித்து அக்டோபரில் முடிந்துவிடும். ஏற்காட்டுக்காரருக்கு மே மாசம் ஒத்துவராது. கோடை விழா நேரம், ஹோம்ஸ்டே நிரம்பி வழியும். நவம்பர் முதல் ஜனவரி வரை காபி பறிப்பு. அதனால் செப்டம்பர் அவருக்குச் சரியான மாசம். கப்பலிலும் ஜூலையை விட அப்போது விலை இறங்கியிருக்கும்.

சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் ஏழு இரவுக் கப்பல். வழியில் ஜூனோ போன்ற அலாஸ்கா ஊர்கள், ஒரு முழு நாள் பனியாறு, அதாவது கிளேசியர். எந்தப் பனியாறு என்பதில் விலை வித்தியாசம் இருக்கு. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. அதனால் அந்த வழித்தடம் கொஞ்சம் விலை கூட. மற்ற கப்பல்கள் ஹப்பர்ட் பனியாறு, எண்டிகாட் ஆர்ம் என்று போகும். ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் கட்டாயம் படிங்க: வானிலை, பாதுகாப்புக் காரணங்களுக்காக வழியை மாற்றும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு. 2025 ஆகஸ்டில் ட்ரேசி ஆர்ம் என்ற இடத்தில் மலையே சரிந்து கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு அங்கே போக வேண்டிய கப்பல்கள் வேறு பக்கம் திருப்பப்பட்டன. "பனியாற்றைக் காட்டலை, பணத்தைக் கொடு" என்று கேட்க முடியாது.

இன்னொரு விஷயம், பல பேர் தவறவிடுவது. இது முழுக்க அமெரிக்கப் பயணம் மாதிரித் தெரியும், ஆனா கப்பல் கனடாவில் விக்டோரியா துறைமுகத்தில் சில மணி நேரம் நிற்கும். 1886-ல் போட்ட ஒரு அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் எதையும் தொடாமல் இப்படி அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. அதுக்காகத்தான் அந்த நிறுத்தம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் வேண்டும். "நாங்க இறங்கவே மாட்டோம்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைக்காதீங்க, கப்பல் ஏறும் இடத்திலேயே கேட்பார்கள். அமெரிக்க விசாவுக்கு ஆளுக்கு 185 அமெரிக்க டாலர். கனடாவுக்கு 100, கைரேகைக்கு 85, ஆக அதுவும் 185, ஆனா கனடா டாலர். இந்தக் கனடா செலவு ஏஜென்ட் கொட்டேஷனில் இல்லவே இல்லை.

அடுத்து, எது முதலில்? கொட்டேஷனில் கார் பயணம் முதல், கப்பல் பிறகு என்று இருந்தது. மாற்றச் சொன்னேன். பெருமழையில் நம்ம ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கலிபோர்னியாவின் கடலோர ஹைவே 1-லும் பிக் சர் பக்கம் அதே கதை, மாதக்கணக்கில் மூடிவைத்த காலம் உண்டு. கார் ஒரு நாள் தாமதமானால் ஒரு ஹோட்டல் ராத்திரிதான் நஷ்டம். கப்பலை ஒரு மணி நேரம் தவறவிட்டால் நாலு லட்சம் போச்சு. அதனால் கப்பல் கிளம்ப இரண்டு நாள் முன்னாடியே சியாட்டில் போய்ச் சேர்வது, கப்பல் முடித்துவிட்டு நிதானமாகத் தெற்கே காரில் இறங்குவது, சான் பிரான்சிஸ்கோவிலிருந்தே விமானம் ஏறுவது. ஓரிகன் மாநிலக் கடலோரம் மட்டுமே 363 மைல், சுமார் 580 கிலோமீட்டர். வாடகைக் காரை ஓர் ஊரில் எடுத்து வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்துக்கணும். "வண்டியை நானும் கொஞ்சம் ஓட்டுவேன், இருபது கொண்டை ஊசி ஏறுறவன்" என்றார். ஓட்டலாம். ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கோங்க, வாடகை ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராகப் பெயரும் சேருங்க என்றேன். மகள் சிரித்திருப்பாள்.

இப்போ 1,70,000 எங்கிருந்து வந்தது

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கிற ஏஜென்ட் உங்களிடம் டி.சி.எஸ். பிடிக்கணும். 2025-26 நிதியாண்டில் ஒரு பானுக்கு முதல் 10 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. இந்த வரம்பு 2025 மார்ச் வரை 7 லட்சமாக இருந்தது.

மொத்த 16 லட்சத்தையும் அவர் பானில் ஒரே பில்லாகப் போட்டால்: 10 லட்சத்துக்கு 50,000, மீதி 6 லட்சத்துக்கு 1,20,000. மொத்தம் 1,70,000.

அவர் 8, அம்மா 8 என்று ஆளுக்கொரு பில், அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து பணம் என்றால்: 40,000 + 40,000. மொத்தம் 80,000. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. இரண்டு பயணிகள், இரண்டு பேரும் வாங்குபவர்கள்.

இன்னும் கீழே வரலாம். பேக்கேஜ் என்று ஆக வேண்டுமென்றால் விமான டிக்கெட், தங்குமிடம், அது மாதிரி வேறு செலவு, இதில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும் என்று வருமான வரித் துறை 2023 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. வெறும் விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் இல்லை. அதனால் 3,20,000 ரூபாய் விமான டிக்கெட்டை விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்தால் டி.சி.எஸ். கிடையாது. கப்பல் டிக்கெட்டில் பயணம், அறை, சாப்பாடு எல்லாம் சேர்ந்தே இருப்பதால் அதற்கு 5% பிடிப்பார்கள் என்றே வைத்துக்கோங்க: 4,20,000-க்கு 21,000. ஹோட்டல், கார், சாப்பாடு எல்லாம் அங்கே போய்க் கொடுக்கிற பணம்.

பேக்கேஜை உடைத்தால் ஒரு விலை உண்டு. விமானம் தாமதமாகிக் கப்பல் போய்விட்டால் பொறுப்பேற்க ஒரே ஆள் இருக்க மாட்டார். அதுக்குத்தான் அந்த இரண்டு நாள் இடைவெளியும், பயணக் காப்பீடும். அறுபது வயதுக்கு மேல் என்றால் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷர் எல்லாத்தையும் மறைக்காமல் எழுதி வாங்குங்க. கப்பலில் டாக்டரைப் பார்த்தாலே பில் டாலரில் வரும்.

"திரும்பி வர்ற பணம்தானே?"

ஆமாம், டி.சி.எஸ். செலவு இல்லை. 26ஏ.எஸ்.-ல் உங்கள் பெயரில் ஏறும், வரியில் கழிக்கலாம், வரி இல்லையென்றால் ரீஃபண்ட். அப்புறம் ஏன் இவ்வளவு கணக்கு?

சேர்வராயன் மலையிலேயே இன்னொருவர் கதையைச் சொல்றேன். 2024 ஏப்ரலில் 15 லட்சத்துக்கு ஐரோப்பா டூர், எல்லாம் தன் பானில். அன்றைய விதிப்படி 1,95,000 பிடித்தார்கள். ஜூனில் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் கையில் பணம் இல்லை. வீட்டம்மா நகையை அடகு வைத்தார்கள். "நமக்கு விவசாய வருமானம்தான், ரிட்டர்ன் எதுக்கு" என்று ரிட்டர்னும் போடவில்லை. 2025 செப்டம்பரில் வேறொரு விஷயமாக என்னிடம் வந்தபோதுதான் அந்த 1,95,000 அப்படியே நிற்பதைப் பார்த்தேன். ரிட்டர்ன் போட்டோம், வந்தது. நகைக்குக் கட்டிய வட்டி வரவில்லை.

காபிக்காரர்கள் இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். காபியைப் பழமாகவோ, காயவைத்த செர்ரியாகவோ, பார்ச்மெண்டாகவோ விற்றால் அது முழுக்க விவசாய வருமானம். நீங்களே க்யூரிங் செய்து விற்றால் விதி 7பி-ன்படி 25% தொழில் வருமானம். வறுத்து அரைத்து ஹோம்ஸ்டே விருந்தாளிக்குப் பொடியாக விற்றால் 40%. அந்தத் தொழில் வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டினால், வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானமும் உள்ளே வரும். அப்போ டி.சி.எஸ். முழுசாகத் திரும்பாது. இரண்டாவது, வருமானமே வரிக்கு உட்படாவிட்டாலும், வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால் ரிட்டர்ன் போடுவது கட்டாயம். விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினால் ஐ.டி.ஆர். 1 படிவம் செல்லாது, ஐ.டி.ஆர். 2 போடணும்.

இப்போ மாசக் கணக்கு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. செப்டம்பர் கப்பலுக்கு மீதிப் பணத்தை வழக்கமாக ஜூன் வாக்கில் கேட்பார்கள். 2026 ஜூனில் கட்டினால் அந்த டி.சி.எஸ். 2026-27 கணக்கில் ஏறும். ரிட்டர்னே 2027-ல்தான், ரீஃபண்டும் அதற்குப் பிறகுதான். அதையே 2026 மார்ச் 31-க்குள் கட்டினால் 2025-26 கணக்கு. ஏஜென்ட் தன் கணக்கை மே 15-க்குள் தாக்கல் செய்யணும், பிறகு நீங்க ரிட்டர்ன் போட்டுவிடலாம். எல்லாம் சரியாகப் போனால் கப்பல் ஏறும் முன்பே ரீஃபண்ட் கணக்கில் இருக்க வாய்ப்பு உண்டு. காபிப் பணம் கைக்கு வருவதும் அந்த ஜனவரி-மார்ச் நேரம்தான். முன்கூட்டிக் கட்டுவதற்கு முன் ரத்து விதியை மட்டும் படிங்க, விசா கையில் வந்த பிறகு கட்டுங்க.

கார்டு விஷயம். "வெளிநாட்டில் கிரெடிட் கார்டு தேய்த்தால் டி.சி.எஸ். இல்லையாமே, எல்லாத்தையும் அதிலேயே தேய்ச்சிடறேன்" என்றார். வெளிநாட்டில் இருக்கும்போது தேய்ப்பதற்கு இல்லை என்பது சரி. ஆனா பல கார்டுகளில் 3.5% மார்க்அப், அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. 4 லட்சம் செலவுக்குச் சுமார் 16,500 ரூபாய். அது திரும்பியே வராது. ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பணம் ஆர்.பி.ஐ.யின் எல்.ஆர்.எஸ். கணக்கில் வரும், ஆனா அதிலும் ஒருவருக்கு வருஷத்துக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். கிடையாது. இந்த 10 லட்சம், டூர் பேக்கேஜுக்குச் சொன்ன 10 லட்சத்திலிருந்து வேறு. இவருக்கு 4 லட்சம்தான் தேவை. பிடிக்கவே போகாத டி.சி.எஸ்.-க்குப் பயந்து 16,500 கொடுப்பானேன்?

எளிய வழி ஒன்று இருந்தது. மகளே அமெரிக்க கார்டில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் டி.சி.எஸ். இல்லை, மார்க்அப் இல்லை. மகள் பெற்றோருக்குச் செய்வதற்கு இங்கே வரியும் இல்லை. சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "பொண்ணு காசுல ஊர் சுத்தினான்னு பேர் வேண்டாம் தம்பி." உள்ளே இருந்து அம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: "கப்பல் நம்ம காபியில. கார் அவ காசுல. அவளுக்கும் ஆசை இருக்காதா?"

அப்படியே முடிவானது. விமானம் நேரடியாக. கப்பல் ஏஜென்ட் மூலம், ஆளுக்கொரு பில், மார்ச்சில், டி.சி.எஸ். ஆளுக்கு 10,500. கைச்செலவுக்கு ஆளுக்கொரு ஃபாரெக்ஸ் கார்டில் 1,500 டாலர். கப்பலில் ஊழியர்களுக்கான டிப்ஸை ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 முதல் 20 டாலர் வரை அவர்களே கணக்கில் ஏற்றிவிடுவார்கள், அதையும் அதில் சேர்த்தாச்சு. உரத்துக்கான பணம் தனி எஃப்.டி.யில், ஜூன் வரை தொடக் கூடாது.

அமெரிக்க விசா நேர்காணலுக்கு ஜனவரியில் தேதி கிடைத்திருக்கிறது, சென்னையில். பறிப்பு உச்சத்தில் இருக்கும் வாரம். அதற்கு மட்டும் என் மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.