தேனீக் கூட்டங்கள் அழிவது ஏன்?

கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் இல்லறத்தார்க்குரிய மூலகுணங்களுள் அடங்கும் என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஆசார்ய சமந்தபத்ரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் ஐந்து அணுவிரதங்களோடு இம்மூன்றின் துறவையும் சேர்த்து எண்வகை மூலகுணங்கள் என வகுத்தருளினார். கூட்டிலிருந்து தானே சொட்டிய தேனாயினும் அதனைச் சார்ந்து வாழும் உயிர்கள் மடிதலின் ஹிம்சையே என்பது அமிர்தசந்திர ஆசார்யர் கருத்து. தத்துவார்த்த சூத்திரமோ நான்கறிவுயிர்க்கு எடுத்துக்காட்டாக வண்டினத்தையே சுட்டுகின்றது. அந்த உயிர் இன்று கூட்டங்கூட்டமாக மடிகின்றது என்றால், தேனையே தீண்டாத நமக்கு அதில் யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. அதனைக் காண முதலில் காரணங்களை ஆராய்தல் வேண்டும்.

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஹாக்கன்பெர்க் என்னும் தேனீ வளர்ப்பாளர், புளோரிடாவில் தாம் வைத்திருந்த 400 பெட்டிகளைத் திறந்து பார்த்தார். பெரும்பாலானவற்றில் தேனீக்கள் இல்லை. அரசி ஈயும் அடையிலிருந்த புழுக்களும் இருந்தன, தேனும் இருந்தது. உழைக்கும் ஈக்கள் மட்டும் மறைந்திருந்தன. பெட்டியைச் சுற்றி இறந்த உடல்களும் காணப்படவில்லை. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் இதே செய்தி பல மாநிலங்களிலிருந்தும் வந்தது. அறிஞர்கள் இதற்குக் ‘காலனி கொலாப்ஸ் டிஸ்ஆர்டர்’, அதாவது கூட்டச் சிதைவு என்று பெயரிட்டனர்.

பெயர் கிடைத்தது; காரணம் எளிதில் கிட்டவில்லை. அலைபேசி அலைகளே காரணம் என்று 2007இல் நாளேடுகள் பல எழுதின. அதற்குத் தக்க சான்று இன்றுவரை இல்லை. இன்னும் நம்மவரிடையே அக்கூற்று உலவுவதால் இதனை இங்குக் குறிக்கிறேன்.

ஆய்வாளர் பலரும் முதலிடம் தருவது வரோவா என்னும் செந்நிற உண்ணிக்கு. குண்டூசித் தலையளவே உடைய இவ்வுயிர் ஆசியாவைச் சேர்ந்தது. நம் நாட்டு அடுக்குத் தேனீயின் கூட்டிலும் இது உண்டு. ஆயினும் இங்கு இது பெரும்பாலும் ஆண் ஈக்களின் அறைகளிலேயே இனம் பெருக்குகின்றது. தேனீக்களும் தம் உடலிலிருந்து இதனைத் துடைத்து நீக்கிக் கொள்கின்றன. ஆகவே இரண்டும் நெடுங்காலமாக ஒருங்கே வாழ்ந்து வருகின்றன. மிகுந்த தேன் தரும் ஐரோப்பியத் தேனீயை மனிதர் ஆசியாவிற்குக் கொண்டுவந்து வளர்க்கத் தொடங்கியபின், உண்ணி அவ்வினத்திற்குத் தாவியது. அந்த ஈக்குப் போதிய தற்காப்பு இல்லை. உழைக்கும் ஈக்களின் அறைகளிலும் உண்ணி பல்கிற்று. வாணிபத்தின் வழியே கண்டம் விட்டுக் கண்டம் சென்று, 1987இல் அமெரிக்காவிலும் 2022இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. இது தேனீயின் கொழுப்புத் திசுவை உண்பதோடு, சிறகுகளைச் சுருங்கச் செய்யும் வைரஸையும் பரப்புகின்றது. உண்ணியைக் கொல்லக் கூட்டினுள் மருந்துப் பட்டைகளைத் தொங்கவிட்டனர். நாளடைவில் உண்ணி அம்மருந்துகளைத் தாங்கும் வல்லமை பெற்றது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கா மீண்டும் பேரிழப்பைக் கண்டபோது, அமிட்ராஸ் என்னும் மருந்திற்கு அடங்காத உண்ணிகளையும் அவை பரப்பும் வைரஸ்களையும் அந்நாட்டு வேளாண்துறை ஆய்வாளர் கண்டறிந்தனர்.

அடுத்தது பூச்சிக்கொல்லி. 2008இல் ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், குளோதியானிடின் பூசிய மக்காச்சோள விதைகளை எந்திரங்கொண்டு விதைத்தபோது, விதையில் சரியாக ஒட்டாத மருந்து தூசியாகப் பறந்து அண்டையிலிருந்த பூக்களில் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. கொல்லாத சிற்றளவும் தீங்கே. பிரான்சு நாட்டு அறிஞர்கள் ஈக்களின் முதுகில் நுண்ணிய மின்னணுச் சில்லுகளை ஒட்டி ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவுப்படி, தயாமீதாக்சம் என்னும் மருந்தைச் சிறிதளவே உண்ட ஈக்களுள் பல கூடு திரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவ்விரண்டையும் இமிடாகுளோபிரிடையும் திறந்த வயல்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் இமிடாகுளோபிரிட் தாராளமாகக் கிடைக்கின்றது.

மூன்றாவது காரணம் நம் இல்லங்களின் பாதாம் பருப்போடு தொடர்புடையது. உலகில் விளையும் பாதாமில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு கலிபோர்னியாவிற்கு உரியது. அம்மரங்கள் பிப்ரவரியில் ஒருங்கே பூக்கும். மகரந்தச் சேர்க்கைக்காக அந்நாட்டுத் தேனீக் கூட்டங்களுள் பாதிக்கும் மேற்பட்டவை லாரிகளில் ஏற்றப்பட்டு, ஆயிரக்கணக்கான கல் கடந்து அங்குச் சேர்கின்றன. பல மாநிலக் கூட்டங்கள் ஓரிடத்தில் நெருங்குவதால் உண்ணியும் நோயும் எளிதில் பரவும். பூ உதிர்ந்தபின் பெட்டிகள் வேறு தோட்டத்திற்குப் பயணமாகும். அங்கு மரங்களின் கீழே வேறு பூஞ்செடி மிகக் குறைவாதலின், ஒரே வகை உணவை உண்டு மெலியும் கூட்டத்தை நோய் எளிதில் வெல்லும். இக்காரணங்களைத் தனித்தனியே பிரித்து இதுவே குற்றவாளி என்று துணிதல் என் கருத்தில் பிழை. நஞ்சால் தளர்ந்ததை உண்ணி பற்றும். உண்ணி பற்றியதைப் பசி முடிக்கும். தேனை விலக்கிய நம் தட்டிலும் அவ்வீயின் உழைப்பும் இழப்பும் கலந்தே வருகின்றன.

இத்தகைய அழிவு நம் பக்கத்திலும் நிகழ்ந்தது. 1991-92இல் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. இந்நோயுற்ற புழு, நீர் நிறைந்த சிறு பைபோல் ஆகி மடியும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதியிலும் பெட்டிகளில் வளர்ந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களுள் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய வலிய கூட்டங்களிலிருந்தே பின்னர் இனம் மீண்டும் பெருகியது.

வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பகுதிகளில் நிலமுடைய நம் குடும்பங்கள் பல. எள் பூத்திருக்கும் வயலில் காலை வேளையில் மருந்து தெளித்தால், அந்நேரம் பூவிலிருக்கும் ஈக்கள் நேரே நனைகின்றன. அவை கூடு திரும்பிய பின், பொழுது சாயும் வேளையில் தெளித்தால் அவ்வளவு சாவதில்லை. பூக்கும் நாள்களில் தெளிக்காதிருப்பின் இன்னும் நன்று. விதையில் பூசியோ வேரில் ஊற்றியோ இடும் மருந்தின் இயல்பு வேறு. அது செடியினுள் ஊடுருவி மதுவிலும் மகரந்தத்திலும் கலப்பதால், எந்த வேளையில் இட்டோம் என்பது அங்குப் பயன்படாது.