ரூட் கேனால்: பல்லுக்குள்ளே கொஞ்சம் இன்ஜினியரிங்

செமஸ்டர் நெருங்கினால் ஹாஸ்டலில் ரெண்டு விஷயம் தவறாமல் நடக்கும். ஒன்று, ஜெராக்ஸ் கடையில் கூட்டம். இன்னொன்று, யாராவது ஒருத்தர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வராண்டாவில் நடப்பது. கேட்டால், "பல்லு வலி மச்சி, எக்ஸாம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்பார்கள். கட்டாயப்படுத்தி டாக்டரிடம் அழைத்துப்போனாலும், "ரூட் கேனால் பண்ணணும்" என்று அவர் சொன்னதும் பாதிப் பேர் எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு அப்படி ஒரு பயம்.

போன வருஷம் எனக்குக் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல் ஒன்றில் இதைச் செய்தார்கள். அப்போது தேடிப் படித்தது, டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிடறேன்: வலிப்பது ரூட் கேனால் இல்லை. அதைத் தள்ளிப்போடுவதுதான் வலி.

பல்லுக்குள்ளே என்ன இருக்கு?

வெளியே பார்த்தால் கல் மாதிரி இருக்கும் பல்லுக்கு நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. மேலே எனாமல், அதற்கு அடியில் டென்டின், அதற்குள்ளே இந்த அறை. ரத்தக் குழாய், நரம்பு எல்லாம் சேர்ந்த மெல்லிய சதை ஒன்று அதற்குள் உயிரோடு இருக்கிறது. பல்கூழ் என்று பெயர். அறை அப்படியே கீழே இறங்கி, வேருக்குள் மயிரிழை போன்ற குழாய்களாகப் பிரிந்து, வேர் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத் தாடை எலும்போடு சேர்கிறது. முன்பல்லுக்கு பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப்பல்லுக்கு மூன்று, நான்கு கூட இருக்கும்.

சொத்தை ஆழமாகிப் பல்கூழைத் தொட்டால் அது வீங்கும். கை வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். இங்கே சுற்றிலும் சுவர், விரிய இடமே இல்லை. மூடிய பாத்திரத்துக்குள் பிரஷர் ஏறுவதுபோல் ஏறி நரம்பை நசுக்கும். படுத்தால் தலைப்பக்கம் ரத்த அழுத்தம் இன்னும் கூடும். அதனால்தான் பகலில் லேசாக இருந்த வலி ராத்திரி வராண்டாவில் நடக்க வைக்கிறது.

ஜில்லென்று தண்ணீர் குடித்ததும் சுரீர் என்று வந்து சில வினாடியில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் சாதாரண அடைப்பே போதும். சூடான டீக்கு வலித்து, டீ முடிந்தும் நிமிஷக்கணக்கில் நின்று வலித்தால், இல்லை தானாகவே தூக்கத்திலிருந்து எழுப்பினால், பல்கூழ் திரும்பி வராத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இது ஒரு குத்துமதிப்புதான். முடிவு எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொல்வது.

வலி தானா நின்னுடுச்சு என்றால்?

எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். நாலு நாள் உயிரை எடுத்த வலி திடீரென்று நின்றுபோகும். "பாத்தியா, சரியாயிடுச்சு" என்று டாக்டரை மறந்துவிடுவோம். உண்மையில் சரியாகவில்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது. கிருமி அப்படியே இருக்கிறது. அது வேர் நுனித் துளை வழியாக எலும்புக்குள் இறங்கி, சத்தமே இல்லாமல் சீழ் கட்டும். எங்கள் பேட்ச்சில் ஒருத்தனுக்கு மூன்றாவது செமஸ்டரில் வலி வந்து, மாத்திரையோடு நின்றது. ஐந்தாவது செமஸ்டரில் கன்னம் பன் மாதிரி வீங்கியது. அதற்குள் பல் ஈறுக்கு அடியில் வரை உடைந்திருந்ததால் காப்பாற்ற ஒன்றுமில்லை, பிடுங்கிவிட்டார்கள். இருபது வயசில் ஒரு கடைவாய்ப்பல் போவது சின்ன விஷயம் இல்லை. அந்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க ஆகும் செலவு, ரூட் கேனால் செலவைவிட அதிகம்.

மெடிக்கல் ஷாப்பில் போய் "ஆன்டிபயாடிக் குடுங்கண்ணா" என்று வாங்கிச் சாப்பிடுவதிலும் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. மருந்து ரத்தத்தில்தான் பயணிக்கும். செத்த பல்கூழுக்கு ரத்த ஓட்டமே கிடையாது, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இந்த வகைப் பல்வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம், பல்லுக்கே சிகிச்சை செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால் கதை வேறு, அதை டாக்டர் முடிவு செய்வார்.

பாட்டி சொன்ன கிராம்புத் தைலம் பொய்யில்லை. அதிலுள்ள யூஜெனால் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆஸ்பிரின் மாத்திரையை நசுக்கி ஈறில் வைக்காதீங்க. ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

முதலில் எக்ஸ்ரே, அடுத்து மரத்துப்போகும் ஊசி. எறும்பு கடித்த மாதிரி ஒரு வலி. ஊசி மருந்தோடு அட்ரினலினும் கலந்திருப்பது வழக்கம் என்பதால் ஒன்றிரண்டு நிமிஷம் நெஞ்சு படபடக்கலாம், பயப்பட வேண்டாம். கீழ்க்கடைவாய் என்றால் ஊசி உள்ளே தள்ளிப் போடுவார்கள், பாதி உதடும் நாக்கும் சேர்ந்தே மரத்துப்போகும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லணும். ரொம்ப வீங்கிய நிலையில் இருக்கும் பல், சில நேரம் ஒரு ஊசிக்கு முழுசாக மரத்துப்போகாது. 'ரூட் கேனால்ல உயிர் போயிடும்' என்ற கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான். வலித்தால் கையைத் தூக்குங்க, நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதற்கு யாரும் மெடல் தரப்போவதில்லை (வாயைத் திறந்து வைத்திருப்பதால் கடிக்கவும் முடியாது).

பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள். எச்சில் கிருமி உள்ளே போகாமலும், சின்னக் கருவியோ மருந்தோ தொண்டைக்குள் போகாமலும் தடுப்பது அதுதான். மாட்டவில்லை என்றால், "ரப்பர் டேம் போட மாட்டீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

பல்லின் மேல் ஒரு துளை போட்டுப் பல்கூழை எடுத்ததும், வேர்க்குழாய் எவ்வளவு நீளம் என்று அளக்கணும். ஈசிஇ, ட்ரிபிள்ஈ ஆட்கள் இங்கே கவனிங்க. உதட்டில் ஒரு எலக்ட்ரோடு, குழாய்க்குள் இறங்கும் ஊசி போன்ற ஃபைல் இன்னொரு எலக்ட்ரோடு. வாயின் உள்தோலுக்கும் வேரைச் சுற்றியுள்ள தசைநாருக்கும் இடையிலான மின்தடை ஏறத்தாழ மாறாமல் 6.5 கிலோ ஓம் இருக்கிறது என்று 1962இல் ஜப்பானின் சுனாடா காட்டினார். ஃபைல் வேர் நுனியைத் தொட்டால் மீட்டர் அந்த அளவைக் காட்டும். ஆனால் குழாயில் ரத்தமோ திரவமோ இருந்தால் பழைய மீட்டர்கள் குழம்பிப்போகும். அதனால் பிறகு வந்த கருவிகளில் ரெண்டு அதிர்வெண்ணில் இம்பீடன்ஸ் அளந்து விகிதம் பார்க்கிறார்கள். ரொம்பப் பிரபலமான ஒன்றில் அது 400 ஹெர்ட்ஸ், 8 கிலோ ஹெர்ட்ஸ். நாற்காலியில் படுத்திருக்கும்போது கேட்கும் 'பீப் பீப்' சத்தம் இதுதான்.

அடுத்தது மெக்கானிக்கல்காரர்களுக்கு. வேர்க்குழாய் நேராக இருக்காது, வளையும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபைல் தடிமன் கூடக்கூட விறைத்துக்கொண்டு, வளைவில் சுவரையே குடைந்துவிடும். 1988இல் வாலியா என்பவரும் அவரோடு இருந்தவர்களும், பல்லுக்குக் கிளிப் போடும் நிக்கல் டைட்டானியம் கம்பியில் ஃபைல் செய்து பார்த்தார்கள். அழுத்தம் வந்தால் ஆஸ்டனைட் மார்டென்சைட்டாக மாறி வளைந்து கொடுக்கும், அழுத்தம் போனால் பழைய வடிவத்துக்கே திரும்பும். மெட்டீரியல் சயின்ஸ் பேப்பரில் ஷேப் மெமரி அலாய் என்று ரெண்டு மார்க்குக்குப் படிப்போமே, அதுதான். ஆனால் வளைவுக்குள் சுழலும்போது ஃபைலின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் இது மாறிமாறி நடக்கும். ஃபேட்டீக் ஆகி, முன்னறிவிப்பே இல்லாமல் உடையலாம். அப்படி ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் டாக்டர் உங்களிடம் சொல்லியாக வேண்டும். பல நேரம் அதை எடுக்காமலே நன்றாக அடைத்துவிடவும் முடியும்.

ஃபைல் சுவர் முழுவதையும் தொடாது. மிச்சத்தைச் சுத்தம் செய்வது சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது வெள்ளைத் துணி வெளுக்கும் ப்ளீச்சேதான். நீச்சல்குளம் மாதிரி ஒரு வாசனை வந்தால் அதுதான் காரணம். கூடவே இடிடிஏ ஊற்றுவார்கள். முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க ப்யூரெட்டில் எடுத்தோமே, அதே இடிடிஏ. அங்கே தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்தது, இங்கே சுவரில் படிந்த தூளிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கிறது.

கடைசியாகக் குழாயை அடைக்கும் கட்டா பெர்ச்சா, மலாய்ப் பகுதி மரத்துப் பால். ரப்பரும் இதுவும் ஒரே பாலிஐசோப்ரீன், ரப்பர் சிஸ், இது ட்ரான்ஸ். 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு இன்சுலேஷனாக இருந்த பொருள், இப்போது நம்ம கடைவாய்ப்பல்லில்.

எல்லாம் ஒரே நாளில் முடியலாம். சீழ் இருந்தால் நடுவில் மருந்து வைத்து டெம்பரரி ஃபில்லிங் போட்டு ரெண்டு, மூன்று முறை வரச்சொல்வார்கள். நாளைக்கே எக்ஸாம் என்றாலும் போங்க. முதல் உட்காரலில் பல்லைத் திறந்து பிரஷரை இறக்கினாலே வலி பெரும்பாலும் அடங்கிவிடும், மிச்சத்தை எக்ஸாம் முடித்துச் செய்யலாம்.

வீட்டுக்கு, அதாவது ஹாஸ்டலுக்கு வந்த பிறகு

மரத்த தன்மை போக ரெண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். அதுவரை எதுவும் மெல்லாதீங்க, சொந்தக் கன்னத்தையே கடித்துக் கிழித்துவிடுவோம், தெரியவும் தெரியாது. அதன் பிறகு ரெண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும். "நரம்பையே எடுத்தாச்சே, அப்புறம் எது வலிக்குது?" என்று நானும் கேட்டேன். வேரைச் சுற்றிப் பல்லை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாருக்குத் தனி நரம்பு இருக்கிறது. அதுதான் புண்பட்டிருக்கிறது. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரை போதும். அல்சர், ஆஸ்துமா, கிட்னிப் பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே சொல்லிடுங்க, ஐப்யூப்ரோஃபென் எல்லாருக்கும் ஒத்துவராது.

மெஸ்ஸில் இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் பிரச்சினையில்லை. டெம்பரரி ஃபில்லிங் இருக்கும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, கடலை மிட்டாய் வேண்டாம். வழக்கம்போல் பிரஷ் பண்ணலாம். வாயை மூடினால் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்றால் திரும்பப் போங்க, ரெண்டு நிமிஷத்தில் தேய்த்துச் சரிசெய்வார்கள்.

வலி நாளுக்கு நாள் குறையணும். கூடினால், வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போன் பண்ணுங்க. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது, விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, மூச்சு விடக் கஷ்டம் என்றால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்டி, இல்லை 108.

அந்த கேப்

நம்ம ஆட்கள் கோட்டை விடுவது இங்கேதான். ரூட் கேனால் முடிந்தது, வலி போச்சு, கேப்புக்குத் தனிக் காசு, எதுக்கு? சொத்தையும் துளையும் சேர்ந்து பல்லின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டன. மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள். ஒவ்வொரு கடிக்கும் அவை வெளிப்பக்கம் வளைந்து வளைந்து, ஒருநாள் செங்குத்தாகப் பிளக்கும். பிளவு வேர்வரை போனால் அந்தப் பல்லுக்கு அதோடு முடிவு, செய்த சிகிச்சையும் வீண். கேப் சுவர்களை நாலாபுறமும் இறுக்கிப் பிடிக்கிறது. கடைவாய்ப்பல் என்றால் சில வாரங்களுக்குள் போட்டுவிடணும். டெம்பரரி ஃபில்லிங்கோடு மாசக்கணக்கில் சுற்றினால் அது கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும். முன்பல்லுக்கு எல்லா நேரமும் கேப் தேவைப்படும் என்றில்லை.

அதனால் ஆரம்பிக்கும் முன்பே ரூட் கேனாலுக்கு எவ்வளவு, கேப்புக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்க. கையில் காசு இல்லையென்றால் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்களிலும் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே குறைந்த செலவில் செய்கிறார்கள். நேரம் அதிகம் எடுக்கும், நாலைந்து முறை போகவேண்டி வரலாம். அட்டெண்டன்ஸ் கணக்கு பார்த்துக்கொண்டு போங்க.

ஆறு மாசம், ஒரு வருஷம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வேர் நுனியில் கரைந்த எலும்பு மெதுவாகத்தான் திரும்ப வளரும், வலி இல்லை என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் எக்ஸ்ரேவை போனில் படம் எடுத்து வைங்க. படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போனால், அங்குள்ள டாக்டர் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.